காகிதமும் படமும் பழஞ்சேலையும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது)



விழா மேடையில் அட்டையையும் பசைக் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு நான் பேசியதைவிடச் செய்து காட்டியதே அதிகம். அச்சில் கைகளைக் காட்ட முடியாது. ஆகவே மலர்க் குழுவினர் உரையைக் கேட்டபோது, மேடையில் விட்டுப்போன அளவுகளையும் சேர்த்து எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். படிக்கும்போதே ஒரு பழைய நாளிதழையும் கத்தரிக்கோலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரிரு இடத்தில் தேவைப்படும்.

நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் ஒரு தோட்டப் பள்ளியில் வேலை செய்கிறவள். 1816ஆம் ஆண்டிலேயே பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய தீவு இது. அந்தத் தீவின் நகரத்துப் பள்ளி, ஒரு தோட்டத்துப் பள்ளி ஆசிரியையைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தியதே எனக்குப் பெருமை. ஆனால் எங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையில்தான் தோட்டம் இருக்கிறது, வெளியே இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பத்து காவான் பக்கம் போய் வருகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். 2014ல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கம் பார்க்கிற பிள்ளைகளிடம் இங்கே ஒரு காலத்தில் தோட்டங்கள் இருந்தன என்றால், "சும்மா சொல்லாதீங்க டீச்சர்" என்கிறார்கள்.

லயத்து வீட்டை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் லோரியில் கட்டிலை ஏற்றின, அண்டா குண்டாவை ஏற்றின, சாமிப் படங்களைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டன. ஏற்றாமல் விடுபட்டவற்றில், ஏற்றியும் நனைந்து கெட்டவற்றில், பழைய நிழற்படங்கள் நிறைய.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடம் குடும்பப் படம் ஒன்று கொண்டு வரச் சொல்லியிருந்தேன். பாதிப் பேர், "அம்மா போன்ல இருக்கு டீச்சர்" என்றார்கள். சிலர், "தாத்தா படம் இருந்துச்சு டீச்சர், வீடு மாறும்போது எங்கேயோ போயிருச்சு" என்றார்கள். ஒரு பையன் மட்டும் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தான். அவன் தாத்தாவின் படம். முகத்தில் பாதி இல்லை. சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். ஒரு கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்த வாரத்திலிருந்துதான் கைவேலைப் பாடத்தை நான் இந்தப் பக்கம் திருப்பினேன்.

கைவேலை என்றால் ஐஸ்கிரீம் குச்சியில் வீடு, முட்டை ஓட்டில் பொம்மை என்று எத்தனையோ உண்டு. நான் இன்று ஒன்றே ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். காகிதத்தை மடித்து உள்பக்கம், நடுவில் குடும்பப் படங்கள், மேலே பழஞ்சேலைத் துணி உறை. கைக்கு அடக்கமான ஒரு குடும்பப் புத்தகம். பத்து வயதுப் பிள்ளை மூன்று வாரத்தில், வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் செய்துவிடலாம். செலவு என்று பார்த்தால் இரண்டு மணிலா அட்டை, கொஞ்சம் மாவு, படங்களின் நகலுக்கு ஆகும் காசு, அவ்வளவுதான்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம்.

நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். நூல் பிடித்ததுபோல் நேராகக் கிழியும். இனிக் குறுக்கே கிழியுங்கள். பல் பல்லாய், கோணல் மாணலாய்ப் போகும். காகிதம் ஆலையில் உருவாகும்போது கூழ் ஓடுகிற வலைமீது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுகின்றன. தச்சர் மரத்தில் நாரோட்டம் பார்ப்பதுபோல் நாமும் காகிதத்தில் நாரோட்டம் பார்க்க வேண்டும். தடித்த அட்டையைக் கிழித்துப் பார்க்க மனம் வராது. லேசாக வளைத்துப் பாருங்கள்: எந்தப் பக்கம் சொன்னபடி கேட்டு வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கு இணையாக நார் ஓடுகிறது. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். எதிர்த்து மடித்தால் மேல்தோல் வெடிக்கும். புத்தகம் கட்டுகிறவர்களுக்கு இது பால பாடம். நம் கைவேலை வகுப்புகளில் இதை ஏனோ சொல்லித் தருவதில்லை. பிள்ளையின் அட்டை வெடித்தால், "உனக்குக் கை சரியில்லை" என்று பிள்ளையைத்தான் குறை சொல்கிறோம்.

காகிதம் மடிப்பது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்கிற பெரியவர்களுக்கு ஒரு செய்தி. 1893ல் சென்னையில் சுந்தர ராவ் என்பவர், ஒரு துண்டுக் காகிதத்தை மடித்தே வடிவ கணிதத்தைக் கற்பிக்கலாம் என்று காட்டி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கிண்டர்கார்ட்டன் பிள்ளைகள் மடிக்கிற வண்ணக் காகிதம்தான் அவருக்குக் கருவி. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்த நூலை எடுத்துச் சொன்னார். 1901ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் அதை மறுபடி அச்சிட்டார்கள். அளவுகோல் இல்லாமல் நேர்கோடு வேண்டுமா? மடியுங்கள், அதுதான் நேர்கோடு. செங்கோணம் வேண்டுமா? மடித்ததை அதே கோட்டின்மேல் இன்னொரு முறை மடியுங்கள். நம் நாட்டில் 1989ல் வெளிவந்த 50 காசு நாணயத்தில் வாவ் பட்டத்தைப் பொறித்தார்கள். மூங்கிலும் காகிதமும் சேர்ந்த ஒரு பொருள்தானே அது?

கை பழக ஒரு தங்லோங் செய்யச் சொல்வேன். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி என்று வீட்டில் சேர்ந்து கிடக்கிற அங்பாவ் உறை ஒன்றைப் பிரித்துத் தாளாக்குங்கள். நீளவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரு விரல் அகலம் மீதி விட்டு வரிசையாக வெட்டுங்கள். பிரித்து, உருட்டி, இரண்டு ஓரத்தையும் ஒட்டினால் விளக்குக் கூண்டு தயார். சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் ஒரே கயிற்றில் தொங்கும். இதில் வெட்டப் பழகிய பிள்ளை புத்தகத்துக்குத் தயார்.

இப்போது புத்தகத்தின் உள்பக்கம். மணிலா அட்டையில் 7 அங்குல அகலத்தில், ஏறக்குறைய 2 அடி நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். நாரோட்டம் பட்டையின் குறுக்கே இருப்பது நல்லது. அப்படி அமையாவிட்டால், மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டை அழுத்திக் கோடிட்ட பிறகு மடியுங்கள், வெடிக்காது. ஒரு பட்டையின் ஒரு முனையில் மட்டும் அரை அங்குலம் மடித்து விட்டுவிடுங்கள், அது இணைப்புக்கு. மற்றப் பட்டையில் அந்த அரை அங்குலத்தை வெட்டி எறிந்துவிடலாம். மீதி நீளத்தைச் சரிபாதியாக மடித்து, பிறகு ஒவ்வொரு முனையையும் வெளிப்பக்கமாகத் திருப்பி நடு மடிப்புக்குக் கொண்டு வாருங்கள். விசிறிபோல் நான்கு பக்கம் கிடைக்கும். இரண்டு பட்டையையும் அந்த அரை அங்குலத்தில் ஒட்டினால் எட்டுப் பக்கம். எட்டு என்பது முக்கியம். பக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இரண்டு அட்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டும். ஏழில் நிறுத்தினால் கடைசி அட்டை திரும்பிக்கொண்டு, புத்தகம் பாதியில் முதுகைக் காட்டும்.

ஒட்டுவதற்குக் கடைப்பசை இருக்கிறது. நான் மாவுப் பசைதான் காய்ச்சுகிறேன். மைதா மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. பச்சைத் தண்ணீரிலேயே கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால், வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் பளபளப்பு வரும். அப்போது இறக்கி ஆறவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு நாளைக்குமேல் தாங்காது, அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பழைய புத்தகக் கட்டுநர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் விரல் வைக்கிற கிண்ணத்தில் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது படம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இன்று ஒரு பிறந்தநாளுக்கு நூறு படம் எடுக்கிறோம். நம் தாத்தா பாட்டி காலத்தில் ஓர் ஆளுக்கு வாழ்நாளில் மூன்று நான்கு படம் இருந்தாலே பெரிது. 1948ல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, மலாயாவில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் படம் ஒட்டிய அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆயிற்று. தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அதுதான் முதல் படம். அதனால்தான் அந்தப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. அடுத்தது கப்பல் பயணத்துக்கு எடுத்த படம். 1926லிருந்து 1973 வரை சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே ஓடிய ரஜூலாவைத் தெரியாத பழைய குடும்பம் இங்கே இருக்க முடியாது. பிறகு கல்யாணத்துக்கு ஸ்டூடியோவில் எடுத்த படம். பின்னால் வரைந்து வைத்த அரண்மனைத் தூண், மாப்பிள்ளை மேல் ஸ்டூடியோக்காரர் இரவல் கொடுத்த கோட்டு. "தாத்தா கோட்டு போட்டிருக்காரு டீச்சர், பெரிய ஆபீசரா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "போய்ப் பாட்டியைக் கேள்" என்றேன். மறுநாள் வந்து சொன்னாள்: "கோட்டு ஸ்டூடியோ கோட்டாம். கீழே காலை வெட்டிட்டாங்களாம். ஏன்னா தாத்தாவுக்குச் செருப்பு இல்லையாம்." படத்தில் இல்லாத கால்களைப் பற்றி அந்தப் பாட்டி சொல்லாவிட்டால் யார் சொல்வது?

1968ல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டிய நிலை வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. படங்களும் அப்படியே பிரிந்து போயின. உங்கள் பாட்டனார் படம் ஒன்று நாகப்பட்டினம் பக்கத்திலோ சேலம் பக்கத்திலோ யாருடைய பெட்டியிலோ இருக்கலாம். சொந்தக்காரர்களோடு போனில் பேசும்போது கேட்டு வையுங்கள்; இப்போது படம் பிடித்து அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

ஆகவே முதல் விதி: மூலப் படத்தைக் கத்தரிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது. பள்ளிக்குக் கொண்டு வரவும் வேண்டாம். நகல் எடுத்து அதைத்தான் புத்தகத்தில் வைக்க வேண்டும். கைப்பேசியே போதும். படத்தைச் சன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் கிடத்தி, பிளாஷ் போடாமல், கைப்பேசியைப் படத்துக்கு நேர் மேலே சாயாமல் பிடித்து எடுங்கள். படக்கடையில் 3ஆர் அளவில் அச்சிட்டால் நம் பக்கத்துக்குச் சரியாக இருக்கும்.

சட்டத்துக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள். அந்தப் பையனின் தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேலேயே வைத்து நகல் எடுக்கலாம். உங்களுக்குப் பின்னால் ஒருவரைக் கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்கச் சொன்னால் கண்ணாடியில் உங்கள் உருவம் விழாது. ஒட்டாமல் தப்பிய படங்களுக்கு இப்போதே ஒரு காரியம் செய்யலாம். மணிலா அட்டையில் படத்தைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு சன்னல் வெட்டி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து மூடுங்கள். அந்த அட்டையின் கனம்தான் படத்தைக் காப்பாற்றும். நம் வீடுகளில் பெரியவர்கள் படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கீழே விளக்கும் ஏற்றுகிறோம். கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது. ஒழுங்காகக் கழுவிய படமாக இருந்தால் நெடுநாள் நிற்கும். 70களிலும் 80களிலும் எடுத்த கலர்ப் படங்கள்தான் கவலை. சாயத்தால் ஆனவை ஆகையால், பெட்டிக்குள் இருட்டில் வைத்தாலும் மெல்ல மெல்ல மங்கிச் சிவப்பாய்ப் போகின்றன. அந்தக் காலத்தில் பெருமையாக வாங்கிய ஒட்டும் ஆல்பங்கள், அதாவது மேலே பிளாஸ்டிக் தாளை உரித்துப் படத்தை வைத்து மூடுகிற வகை, இன்று பல வீடுகளில் மஞ்சள் பூத்துப் படத்தை விட மறுக்கின்றன. லேமினேட் செய்வது இன்னொரு வியாதி. சூடு பட்டு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கவே முடியாது. சான்றிதழை லேமினேட் செய்கிற கையோடு கல்யாணப் படத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். கலர்ப் படங்களைத்தான் முதலில் நகல் எடுங்கள் என்று சொல்வேன். அவற்றுக்குத்தான் நேரம் குறைவு.

நகலையும் பசை போட்டு ஒட்ட வேண்டாம். அரை அங்குல அகலம், 2 அங்குல நீளத்தில் காகிதத் துண்டு வெட்டி, நடுவிலிருந்து இரண்டு கையையும் கீழே மடித்தால் முக்கோணச் சட்டைப்பை மாதிரி வரும். அதைப் படத்தின் மூலையில் மாட்டி, பையின் பின்பக்கத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டுங்கள். நான்கு மூலைக்கு நான்கு. வேண்டும்போது படத்தை எடுக்கலாம், மாற்றலாம். படத்தின் பின்னால் 2பி பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம். அழுத்தம் முகத்தில் தெரியும், மையும் ஊறும். என்ன எழுதுவது? பெயர், உறவு, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, படம் எடுத்தவர் யார். ஆண்டு தெரியாவிட்டால், "பெரியம்மா பிறப்பதற்கு முன்" என்று எழுதினாலும் போதும். வீட்டில் விசாரித்து வரச் சொன்னால் முதல் நாள், "பாட்டிக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையாம் டீச்சர்" என்பார்கள். படத்தைக் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். படம் கையில் இருந்தால் பாட்டிக்கு ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்துக் கிராணி வரைக்கும் வந்துவிடுகிறது.

படமே இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது? மேடையில் ஒரு தாயார் இதைக் கேட்டார். எங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு பெண் பிள்ளை. பாட்டியின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாரும் மூலைப் பை வெட்டும்போது அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாட்டியோட எது வீட்டில இருக்கு?" என்று கேட்டேன். யோசித்து, "பால்வெட்டுக் கத்தி இருக்கு டீச்சர். அப்புறம் ஒரு சேலை" என்றாள். கத்தியை ஒரு தாளில் வைத்து வீட்டிலேயே அதன் ஓரத்தை வரைந்துகொண்டு வந்தாள். அந்தக் கோட்டோவியத்தை ஒரு பக்கத்தில் ஒட்டி, சேலையிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை எதிர்ப் பக்கத்தில் ஒட்டி, கீழே பாட்டியின் முழுப் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினாள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். படம் வைத்திருந்த இரண்டு பேர், "நாங்களும் கத்தி வரையலாமா டீச்சர்?" என்று வந்து கேட்டார்கள்.

இன்னொன்றையும் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பா படம், அம்மா படம் என்று வரிசை போட்டுக் கட்டாயப்படுத்தாதீர்கள். எல்லா வீட்டிலும் எல்லாரும் இருப்பதில்லை. யாரை வைப்பது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். சித்தியை வைக்கலாம், தாலாட்டி வளர்த்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை வைக்கலாம். ஒரு பையன் வேன் ஓட்டும் அண்ணனை வைத்தான். வைக்கட்டும்.

இனித் துணி.

பழஞ்சேலை நம் வீடுகளில் எதுவாகவெல்லாம் ஆகிறது! தூளி, சன்னல் திரை, தலையணை உறை, கடைசியில் கைப்பிடித் துணி. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் கந்தா என்ற போர்வை செய்வார்கள். கரையிலிருந்து உருவிய நூலையே தைக்கவும் எடுத்துக்கொள்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொங்கவிடும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள். வண்ணத் துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைத்த வேலை அது. துணியை வெட்டி ஒட்டுவது நமக்குப் புதிதில்லை.

புத்தக உறைக்குப் பருத்திச் சேலைதான் நல்லது. ஜப்பான் நைலக்ஸ் வகையறாவில் மாவுப் பசை பிடிக்காது. அதற்கு வெள்ளைக் கோந்து வேண்டும். சேலையில் எந்த இடத்தை வெட்டுவது? இடுப்பில் செருகுகிற உள்முனையை. வெயில் படாத இடம், ஆகையால் நிறம் மங்காமல் இருக்கும். வெட்டுமுன் சேலைக்குரியவரைக் கேளுங்கள், அவர் இல்லையென்றால் வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். சேலையே கிடைக்காதவர்கள் லெபு பாசார், லெபு குவீன் பக்கம் அஞ்சடியில் உட்கார்ந்து தைக்கிறவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். காலடியில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளை அள்ளிக் கொடுப்பார்.

மெல்லிய துணியில் நேரடியாகப் பசை தடவினால் மேலே கறையாகக் கசியும். முதலில் துணியின் பின்பக்கம் வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பசையால் ஒட்டி, சமமாகத் தேய்த்து, ஒரு நாள் காயவிடுங்கள். அட்டைக்குப் பழைய நோட்டுப் புத்தகங்களின் பின்னட்டை இரண்டை ஒன்றாக ஒட்டினால் போதும். உள்பக்கத்தைவிடச் சுற்றிலும் கால் அங்குலத்தில் பாதி பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். துணியை அட்டையைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, நடுவில் அட்டையை வைத்து ஒட்டுங்கள். நான்கு மூலையையும் சாய்வாக வெட்டும்போது அட்டையின் முனை வரைக்கும் வெட்டிவிடக் கூடாது. அட்டையின் கனத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டு வெட்டினால்தான் மூலை மூடும், இல்லாவிட்டால் அட்டை பல்லைக் காட்டும். எதிர் எதிர்ப் பக்கமாக மடித்து ஒட்டுங்கள். பிறகு விசிறி மடிப்பின் முதல் பக்கத்தின் முதுகை ஓர் அட்டையிலும், எட்டாம் பக்கத்தின் முதுகை மற்ற அட்டையிலும் ஒட்டி, நடுவில் மெழுகுத் தாள் செருகி, மேலே அகராதியோ அம்மிக்கல்லோ வைத்து இரவு முழுக்க விடுங்கள். பொறுமையில்லாமல் எடுத்தால் அட்டை வில்லாய் வளையும்.

இப்போது பெற்றோரிடம் ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். கைவேலைக் கண்காட்சி என்றால் முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, யார் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? பிள்ளை தூங்குகிறான், அம்மா ஒட்டுகிறார். காலையில் பிள்ளை தூக்கிக்கொண்டு வருகிறான், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறான். கடையில் வெட்டி வைத்த உறைகளை வாங்கி ஒட்டிவிட்டு வருவதும் அப்படித்தான். 2011ல் வந்த புதிய கலைத்திட்டத்தில் காட்சிக் கலைக் கல்வி என்று பாடமே இருந்தது. பாடத்தின் பெயர் எதுவானாலும், மூலை மடிக்கத் தெரிந்தது அம்மாவுக்கா பிள்ளைக்கா என்பதுதான் எங்களுக்கு வேண்டும். கோணலாக இருக்கட்டும். பசை வழியட்டும். பெற்றோர் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது: பெட்டியைத் திறந்து படங்களைத் தேடி எடுப்பதும், பாட்டி சொல்லும்போது தொலைக்காட்சியை அணைப்பதும். இந்த இரண்டையும் பிள்ளையால் செய்ய முடியாது.

செய்து முடித்த புத்தகத்தை எங்கே வைப்பது? சாமி மேடையில் வேண்டாம், எண்ணெயும் புகையும் படும். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். நம் பினாங்குக் காற்றில் ஈரம் அதிகம். மாவுப் பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. மூடியுள்ள பிஸ்கட் தகரடின்னில், காலணிப் பெட்டிக்குள் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள். அந்தப் பொட்டலம் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. மாதம் ஒரு முறை, மழையில்லாத நாளாகப் பார்த்து, எடுத்து விரித்து நிழலில் காற்றாட வையுங்கள். விசிறி மடிப்பு ஆகையால் முழுதாக இழுத்து மேசைமேல் நிற்க வைக்கலாம், முன்பக்கம் எட்டு, பின்பக்கம் ஆறு. பின்பக்க ஆறையும் காலியாகவே விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன், இனிமேல் கிடைக்கப் போகிற படங்களுக்காக. எங்கள் வகுப்புப் பெண் பிள்ளை போன தவணையில் ஓடி வந்து, சித்தியவானில் இருக்கும் பெரிய மாமாவிடம் பாட்டியின் படம் ஒன்று இருக்கிறதாம், விடுமுறைக்குப் போகும்போது நகல் எடுத்து வருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.